திரும்ப வாசித்துக் காட்டு தம்பி

(தோட்ட வாசிகசாலைத் திறப்பு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)

இந்த வாசிகசாலையைத் திறந்து வைத்துப் பேச வேண்டும் என்று தம்பிமார் வந்து கேட்டார்கள். "சார், நீங்க எப்படிப் படிச்சு ஆசிரியராக வந்தீங்க, அதைச் சொல்லுங்க, பிள்ளைகளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். என் கதையைச் சொல்லப் போனால் அதில் பாதிக்கு மேல் இன்னொருவருடைய கதையாக இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு தரம்கூட நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை. ஆகையால் இன்றைக்கு அந்தக் கடனைக் கொஞ்சம் தீர்த்துக்கொள்கிறேன். நீங்கள் சாட்சியாக இருங்கள்.

அவர் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர். சொந்தக்காரர் இல்லை. ஆனால் லயத்தில் யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று யார் பார்த்தோம்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் எனக்குப் பெரியப்பா, அவர் வீட்டுக்காரி எனக்குப் பெரியம்மா. ஸ்டோரில் அவருக்கு வேலை. கொழுந்து அரைக்கும் ரோதை பக்கத்தில் நின்று நின்று, வீட்டுக்கு வந்தாலும் அவர் சட்டையில் தேயிலை வாசம் அடிக்கும். இரவு சாப்பாடு முடிந்ததும் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் போட்டு, குப்பி லாம்பைப் பற்றவைத்து உட்காருவார். பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பேனா, மைக்கூடு, கோடு போட்ட தாள், ரெண்டு மூன்று முத்திரை. அவ்வளவுதான் அவருடைய கந்தோர்.

மேல் லயம், கீழ் லயம், பணிய லயம், எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இந்தியாவுக்குக் கடுதாசி எழுத, வந்த கடுதாசியை வாசிக்க, சேமலாப நிதிக்குப் படிவம் நிரப்ப, பிள்ளைக்குப் பிறப்புப் பதிய. காசு வாங்க மாட்டார். "ஒரு சாயத்தண்ணி மட்டும் போடச் சொல்லு" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் மடித்துக் கொடுக்க மாட்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாக வாசித்துக் காட்டுவார். பிறகு கேட்பார்: "நான் எழுதினது நீ சொன்னதுதானா? ஏதாவது கூட்டியிருக்கேனா, கொறச்சிருக்கேனா?" வந்தவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. அவசரப்பட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணே" என்று யாராவது பெருவிரலை நீட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "விரல மடக்கு. மொதல்ல காத நீட்டு" என்பார்.

சின்ன வயதில் எனக்கு இது பெரிய தொல்லையாகத் தெரிந்தது. ஏன் இந்த மனுசன் எழுதினதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்று நினைப்பேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். இது உங்கள் தாத்தா பாட்டியின் சரித்திரம்.

1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்முடைய ஆட்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை கேட்கலாம் என்றார்கள். ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

கிடைக்காமல் போனவர்களில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர். அவர் இந்த மண்ணில் பிறந்தவர். பத்து வயதில், 1930 இல், அப்பாவோடு இந்தியாவுக்குப் போய் ஒன்றரை வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். 1951 இல் விண்ணப்பம் எழுதும்போது அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வேறு ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்தார். இவர் பெருவிரலை வைத்தார். அந்தத் தாளில் 1930 என்பது 1940 என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது கணக்குப் பார்க்கும் அந்த ஏழு வருடத்துக்குள்ளேயே ஒன்றரை வருடம் அவர் நாட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

"ஒரே ஒரு இலக்கம் தம்பி. மூணு நாலாப் போச்சு. எழுதினவரு வாசிச்சுக் காட்டல. நானும் கேக்கல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எழுதியவரை ஏசவில்லை. அந்தக் கடைசிச் சொல்லைத்தான் ரெண்டு தரம் சொன்னார். "நானும் கேக்கல."

அதற்குப் பிறகு, முப்பது வயது தாண்டிய மனுசன், இரவில் கோவில் மடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ படித்தார். மணலில் எழுதினார். கடையில் பருப்புச் சுற்றித் தந்த வீரகேசரித் துண்டைக் கசங்காமல் எடுத்து வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். இப்படிப் படித்தவர்தான் பிறகு தோட்டத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று மனுசரைக் கொழுந்து நிறுப்பதுபோல் நிறுத்துப் பிரித்தார்கள். 1974 இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். என் அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக்கான விண்ணப்பத்தை எழுதியவர் பெரியப்பாதான். மூன்று இரவு எழுதினார் என்று அம்மா சொல்வார். நான்காம் நாள் இரவு முழுக்க வாசித்துக் காட்டினாராம். அப்பாவுக்குக் கிடைத்தது. பெரியப்பாவும் தனக்கு எழுதிப் போட்டார். இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதிப் போட்டவர்கள் அந்த மூன்று இலட்சத்தை விட மிக அதிகம். அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவுக்கும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியே நாடற்றவராக இருந்தார்.

எண்பதுகளில் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தபோது முதலில் கேட்ட பத்திரம் என்ன தெரியுமா? பிரஜாவுரிமைச் சான்றிதழ். நான் கொண்டுபோய்க் கொடுத்தது அப்பாவின் பெயரால் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தது பெரியப்பாவின் நாலு இரவு.

இனி என்னுடைய தப்பு ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை வருடமாக மேடையில் சொல்லாதது.

1973 ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பாவுக்கு அப்போதே கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது. சின்ன எழுத்து தெரியாது. அதனால் நான்தான் அவருக்குக் கண். அவர் சொல்ல நான் எழுதுவேன், கடுதாசி வந்தால் நான் வாசிப்பேன். எனக்குப் பெருமை தாங்காது.

மேல் லயத்தில் ஒரு பாட்டி. அவருடைய மகள் குடும்பம் முதல் வருடம்தான் இந்தியா போயிருந்தது. அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். அந்தக் கோச்சி புறப்படும்போது ஸ்டேசனில் கேட்கும் அழுகையைக் கேட்டவர்கள் இன்னும் இங்கே இருக்கிறீர்கள். அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர் வைத்தோம். பாட்டிக்கும் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மகளிடமிருந்து ஒரு கடுதாசி வந்தால் புறப்படுவது என்று காத்திருந்தார்.

கடுதாசி வந்தது. பெரியப்பா ஸ்டோரில் இரவு வேலை. பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "வாசி ராசா" என்றார். நான் பிரித்து மனசுக்குள் வாசித்தேன். மண்டபம் முகாமில் பல மாதம் இருந்து இப்போதுதான் கூடலூர்ப் பக்கம் வந்திருக்கிறோம், இருக்க வீடு இன்னும் தரவில்லை, சின்னவனுக்குக் காய்ச்சல், அம்மா இந்த மாதம் வர வேண்டாம், வீடு கிடைத்ததும் எழுதுகிறேன், அதுவரைக்கும் மாட்டை விற்க வேண்டாம், வரும்போது கம்பளி கொண்டு வாங்க, இங்கே குளிர் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தது.

அது பஞ்ச காலம். 1973, 74 இல் தோட்டங்களில் நாம் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். மா இல்லை, அரிசி இல்லை. எத்தனையோ பேர் பட்டினியில் செத்துப் போனார்கள். பாட்டி மெலிந்து ஒரு குச்சி மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து இதை வாசிக்க எனக்கு மனசு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "எல்லாரும் சொகமா இருக்காங்களாம் பாட்டி. வீடு குடுத்துட்டாங்களாம். சீக்கிரம் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

பாட்டி என் தலையைத் தடவி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீனித் துண்டை எனக்குத் தந்தார். நானும் வாங்கித் தின்றேன்.

மூன்றாம் நாள் அவர் மாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார். செப்புக் குடத்துக்கும் ஆள் பார்த்தார். சந்தோசத்தில் பெரியப்பாவிடமும் வந்து சொன்னார். "ஒங்க கையாள் நல்லா வாசிக்கிறான்" என்றும் சொன்னார். பெரியப்பா கடுதாசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். எத்தனை எழுத்து தெரிந்ததோ தெரியாது. என்னைக் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "வா போவோம்" என்று கையைப் பிடித்து மேல் லயத்துக்குக் கூட்டிப் போனார்.

வழியில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "அடுத்தவங்க கடுதாசியில ஒரு எழுத்தக் கூட்டவும் ஒனக்கு உரிமை இல்ல, கொறைக்கவும் உரிமை இல்ல. என் தாள்ல ஒருத்தன் ஒரு இலக்கத்த மாத்தினான். அவன் தெரியாமச் செஞ்சான். நீ தெரிஞ்சு செஞ்சிருக்க." அன்றைக்குத்தான் அந்த 1930 கதையை முழுதாகச் சொன்னார்.

பாட்டி வீட்டில் போய், "தம்பி திரும்ப வாசித்துக் காட்டும், கேளுங்க" என்றார். நான் அழுதுகொண்டே வாசித்தேன். முழுதும் வாசித்தேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அழுவேன்னு மறைச்சியா சாமி? அழுறதுக்கும் எனக்கு ஒரு நாள் வேணும்ல. அங்க போய் எறங்கி நின்னா அழ முடியும்?" என்றார். அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தார். மாட்டை வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து, வீடு கிடைத்துவிட்டது என்று மறு கடுதாசி வந்த பிறகு, ரெண்டு கம்பளியோடு கோச்சி ஏறினார். அந்தக் கடுதாசியை வாசித்ததும் நான்தான். வாசித்து முடித்ததும், "திரும்ப ஒருக்கா வாசி" என்றார். என்னை நம்பாமல் கேட்டாரா, சந்தோசத்தில் கேட்டாரா, தெரியாது. வாசித்தேன்.

பிள்ளைகளே, நான் ஆசிரியர் ஆனது நியமனக் கடிதம் வந்த அன்றைக்கு இல்லை. அந்த மேல் லயத்து இஸ்தோப்பில்தான். ஒருவருக்கு எழுத்துத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது என்றால், தெரிந்தவன் கையில் தெரியாதவனுடைய வாழ்க்கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த நிலைமையே இல்லாமல் பண்ண வேண்டும், எல்லாருமே தன் கடுதாசியைத் தானே வாசிக்க வேண்டும் என்று மனசில் விழுந்தது. அதற்குப் பிறகு பெரியப்பாவிடம் எழுத வந்தவர்களுக்கு நான் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். ஈரமண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவேன். முதன்முதல் தன் பேரைத் தானே எழுதிய ஒரு அக்கா, சம்பள நாளில் பெருவிரல் வைக்க மறுத்துக் கையெழுத்துப் போட்டு வந்தார். பெரியப்பா அன்றைக்குத் தன் சாயத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார்.

நான் ஆசிரியராகி மூன்று வருடம். 1988 இல், இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்காமல் இங்கே நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. பெரியப்பாவுக்கு அப்போது 68 வயது. கண் முழுக்க மங்கிவிட்டது. அவருக்கான சத்தியக்கடதாசியை நான்தான் எழுதினேன். லீவில் வந்திருந்தேன். பஸ் பிடிக்க வேண்டும். எழுதி முடித்து, "கையெழுத்துப் போடுங்க பெரியப்பா" என்று பேனாவைக் கொடுத்தேன்.

பேனாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "திரும்ப வாசித்துக் காட்டு தம்பி" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்து வாசித்தேன். பிறந்த இடம் வந்ததும் கையைத் தூக்கினார். "நிறுத்து. நான் பொறந்தது இந்தத் தோட்டமில்ல. எங்கப்பா இங்க வந்து பேர் பதிஞ்சது நான் பொறந்து ரெண்டு வருசம் கழிச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்து நானாக எழுதியிருந்தேன். மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பிழை திருத்திய ஆசிரியர்! புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன். பஸ் போய்விட்டது. அன்றிரவு பெரியம்மா சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு அவர்கள் வீட்டிலேயே படுத்தேன்.

அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்தப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி அந்தத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கண் தெரியாது. அடிக்கடி எடுத்துத் தடவிப் பார்ப்பார் என்று பெரியம்மா சொல்வார். ஐந்து வருடம் நாட்டுப் பிரஜையாக இருந்தார். 1993 இல் காலமானார்.

செய்தி கிடைத்து நான் வந்து சேரும்போது தப்புச் சத்தம் கேட்டுவிட்டது. கோடி போட்டேன், மண் போட்டேன். எல்லாம் முடிந்து மறுநாள் மரணப் பதிவுக்கான விபரங்களை எழுத வேண்டியிருந்தது. நான் எழுதினேன். பேர், தகப்பன் பேர், பிறந்த இடம். எழுதி முடித்துப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதுபோலவே மெதுவாக முழுதும் வாசித்துக் காட்டினேன். "நான் எழுதினது சரிதானா பெரியம்மா?" என்று கேட்டேன். "சரிதான் ராசா. ஒங்க பெரியப்பா எழுதின மாதிரியே இருக்கு" என்றார். எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்பானவர்களே, காலம் மாறிவிட்டது. கப்பல் 1984 இல் நின்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழி திறந்தது. ஆனால் தாளும் பெருவிரலும் நம்மை விட்டுப் போகவில்லை. பேரில் ஒரு எழுத்து பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஆயுள் முழுக்க உழைத்த சேமலாப நிதியை வாங்க அலைகிற அம்மாமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். குழுக்கடன் என்று வாசலுக்கே வந்து தாளை நீட்டுகிறார்கள், என்ன வட்டி என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நகையை அடகு வைக்கிறோம்.

ஆகவே மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இன்றைக்கு வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து, பேர், திகதி, தாய் தகப்பன் பேர் எல்லாவற்றையும் உங்கள் அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். பிள்ளை பரீட்சை எழுதப் போகும் வருடம் வரைக்கும் விடாதீர்கள்.

இரண்டாவது, வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேளுங்கள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. கேட்பது உங்கள் உரிமை. எதிரே இருப்பவர் பெரிய படித்தவராக இருக்கலாம், உங்கள் சொந்தப் பிள்ளையாகவே இருக்கலாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு. உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் வாசிக்கத் தெரியாத பாட்டி, தாத்தா இருப்பார்கள். போனில் வரும் செய்தியை நீங்கள்தான் வாசித்துச் சொல்கிறீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். துக்கமான செய்தியாக இருந்தால் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். மறைக்காதீர்கள்.

இந்த வாசிகசாலைக்கு நான் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. பெரியம்மா கண் மூடும் முன் எனக்குத் தந்தது. மைக்கூடு காய்ந்துவிட்டது. பேனா எழுதாது. அந்த மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் வந்து உட்காருவேன். படிவம் நிரப்ப வேண்டியவர்கள் வாருங்கள். காசு வேண்டாம், ஒரு சாயத்தண்ணி போதும். எழுதி முடித்ததும் முழுதும் வாசித்துக் காட்டுவேன். நான் மறந்துவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

பெரியப்பா, இத்தனை காலம் கழித்துச் சொல்கிறேன். உங்களுக்கு நன்றி.